பனிக்காலப் பயணம்: கார் கண்ணாடி மங்கினால் என்ன செய்வது?



மார்கழி, தை மாதங்களில் நம் பழையசீவரத்தின் விடியற்காலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபஜர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் பாலாற்றுப் பக்கமிருந்து பனி எழுந்து நிற்கும். மலையும் தெரியாது, எதிரே திருமுக்கூடல் கரையும் தெரியாது. அந்த நேரத்தில்தான் நம் வீடுகளிலிருந்து கார்கள் கிளம்புகின்றன. வளைகுடாவுக்குத் திரும்பும் மகனை ஏர்போர்ட்டில் விட, உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோரை வழியனுப்ப, காலையிலேயே போய் மருத்துவமனையில் டோக்கன் வாங்க, வெளியூர் நிக்காஹ்வுக்கு நேரத்தோடு போய்ச் சேர என்று எத்தனையோ காரணங்கள். பெரும்பாலும் ஒரே வண்டியில் குடும்பம் முழுவதும் இருக்கும்.

சென்ற ஆண்டு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மகனை ஏர்போர்ட்டில் விடக் கிளம்பினோம். வண்டியில் ஏழு பேர். நான்தான் ஓட்டினேன். செங்கல்பட்டு சாலையில் ஏறி இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை, முன் கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. "அம்மாவுக்குக் குளிர் ஆகாது" என்று ஏசியை அணைத்து, எல்லா ஜன்னல்களையும் ஏற்றி மூடியிருந்தோம். ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் தோள் துண்டு. துடைத்தால் ஒரு கை அகலத்துக்குத் தெளியும். அரை நிமிடத்தில் மறுபடியும் மூடிக்கொள்ளும்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று எங்களுக்கு நேராகச் சாலையிலேயே நிற்பது தெரிந்தது. அதன் பின்விளக்குகள் புழுதியில் மறைந்திருந்தன. பிரேக்கை அழுத்தினேன். லாரிக்கும் எங்கள் காருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடம்தான் மிச்சம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் இல்லை. அண்ணி மடியில் தூங்கிய குழந்தை மட்டும் விழித்து அழுதது.

அன்று மாலை எங்கள் மெக்கானிக் பாயிடம் இதைச் சொன்னேன். "ஏசி போட்டீங்களா?" என்று கேட்டார். "பனியில யாராவது ஏசி போடுவாங்களா பாய்?" என்றேன். "ஏசி ஈரத்தை எடுக்கிற மிஷின் பாய். குளிர் அது கூடவே வர்றது. கண்ணாடி தெளியணும்னா ஏசியைப் போடணும்" என்றார்.

பதினைந்து வருடமாக கார் ஓட்டுகிறேன். அந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. கார் வைத்திருக்கும் நம்மில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

ஒரு சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிறது. சொம்பில் ஓட்டை இல்லை. அறையின் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது. கார் கண்ணாடியிலும் நடப்பது இதுதான்.

காற்று சூடாக இருந்தால் அதிக ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்தால் குறைவாகத்தான் தாங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9 கிராம்தான். அதற்கு மேல் இருப்பது அருகில் உள்ள குளிர்ந்த பொருளின் மேல் நீராகப் படியும். காருக்குள் மிகக் குளிர்ந்த பொருள், வெளிக்காற்று அடித்துக்கொண்டே இருக்கும் முன் கண்ணாடி.

இப்போது காருக்குள் எவ்வளவு ஈரம் சேர்கிறது என்று பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 50 கிராம் நீர் காற்றில் கலக்கிறது. ஏழு பேர் என்றால் 350 கிராம், அதாவது ஒரு பெரிய டம்ளர் தண்ணீருக்கும் மேல். ஏழு பேர் உட்காரும் வண்டியின் உள்ளே இருக்கும் காற்று நாலைந்து கன மீட்டர்தான். ஜன்னலை மூடி, ஏசியை அணைத்து, வெளிக்காற்றையும் அடைத்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் அந்தக் காற்று தாங்க முடியாத அளவுக்கு ஈரமாகிவிடும். இதில் ஒளுச் செய்த ஈரக் கால்கள், நனைந்த குடை, மழையில் ஊறிய மிதியடி எல்லாம் சேர்ந்தால் ஐந்து நிமிடமே போதும்.

துண்டால் துடைப்பதில் பலன் இல்லாததற்குக் காரணமும் இதுதான். கண்ணாடியில் படிந்ததை நாம் துடைக்கிறோம். காற்றில் இருக்கும் ஈரம் அப்படியே இருக்கிறது. அது மறுபடி வந்து படிகிறது. போதாக்குறைக்குத் துண்டின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டி, எதிரே வரும் வண்டியின் விளக்கொளியைக் கண்ணில் சிதறடிக்கிறது.

ஏசி என்ன செய்கிறது?

வெயில் காலத்தில் ஏசி போட்டபடி நிற்கும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏசியின் குளிர்ந்த கம்பிச்சுருள் மீது காற்று படும்போது அதிலுள்ள ஈரம் நீராகி, ஒரு குழாய் வழியாகக் கீழே வடிகிறது. ஈரம் நீங்கிய காற்றுதான் நம் பக்கம் வருகிறது.

அந்த உலர்ந்த காற்றை அப்படியே குளிராகத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏசி பட்டனைப் போட்டுவிட்டு, வெப்பத்துக்கான திருகியைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். ஏசியில் உலர்ந்த காற்று அடுத்து ஹீட்டர் வழியாகப் போய் வெதுவெதுப்பாக வெளியே வரும். ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடுவது முரணாகத் தோன்றலாம். கண்ணாடியைத் தெளிய வைக்க அதுவே சரியான முறை. துணியைப் பிழிந்துவிட்டு வெயிலில் காய வைப்பதைப் போன்றது அது.

வீட்டில் வீசிங் உள்ள பெரியவர்கள், கைக்குழந்தைகள் இருந்தாலும் இந்த முறையில் ஏசி போடலாம். காற்று முன் கண்ணாடிக்குத்தான் போகிறது, அதுவும் வெதுவெதுப்பாகப் போகிறது. அம்மா மேல் குளிர் படாது.

உள்ளே மங்கினால் செய்ய வேண்டியது

முதலில் மங்கல் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துகொள்ளுங்கள். விரலால் கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டு ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிந்தால் மங்கல் உள்ளே இருக்கிறது. தெளியாவிட்டால் வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது.

உள்ளே என்றால்:

1. ஏசி பட்டனைப் போடுங்கள்.

2. காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். மேல்பக்கம் வளைந்த கண்ணாடியும், அதன் மேல் நெளிந்து ஏறும் மூன்று அம்புகளும் வரைந்திருக்கும் படம்தான் இதற்கு அடையாளம். டிஃப்ராஸ்ட் என்பது இதுவே. பல வண்டிகளில் இதைத் திருப்பியதும் ஏசி தானாகவே ஓடத் தொடங்கும்.

3. வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். காரின் படத்துக்குள் அம்பு வளைந்து சுற்றுவது போல ஒரு பட்டன் இருக்கும். அதில் விளக்கு எரிந்தால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று பொருள். அதை அணைத்துவிடுங்கள். வெளியே இருந்து அம்பு உள்ளே வருவது போன்ற படத்தில் வையுங்கள்.

4. புளோயரை வேகமாக வையுங்கள். தெளிந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

5. வெப்பத்தை நடுவிலோ கொஞ்சம் சிவப்புப் பக்கமோ வையுங்கள்.

வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்கள் எஞ்சின் சூடாகாததால் ஹீட்டரில் சூடு வராது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஏசி உடனே வேலை செய்யும். ஓரிரு நிமிடத்தில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியிலிருந்து தெளிந்துகொண்டே மேலே போவதைப் பார்ப்பீர்கள். அதுவரை வண்டியை நகர்த்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மங்கினால் வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, சாலையை விட்டு இறங்கி நிறுத்தி, பிறகு பட்டன்களைத் தேடுங்கள்.

தெளிந்துவிட்டது என்று உடனே ஏசியை அணைக்க வேண்டாம். கம்பிச்சுருளில் தங்கியிருக்கும் ஈரம் புளோயர் காற்றோடு கலந்து, ஒரே நொடியில் கண்ணாடியை மறுபடி வெளுக்க வைக்கும். மழையும் பனியும் இருக்கும்வரை ஏசி ஓடட்டும்.

வெளியே மங்கினால்

மழை விட்ட இரவிலும், புழுக்கமான அதிகாலையிலும் இது நடக்கும். ஏசியை மிகக் குளிராக வைத்து, அந்தக் காற்று முன் கண்ணாடியில் படும்போது கண்ணாடி சில்லிட்டுவிடுகிறது. ஐஸ் தண்ணீர் சொம்பைப் போல அதன் வெளிப்புறம் வியர்க்கிறது. இது தெரியாமல் உள்ளே துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இதற்கு வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போதும், தெளிந்துவிடும். பிறகு ஏசியின் குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்ததும் வியர்ப்பது நின்றுவிடும். இந்த நேரத்தில் டிஃப்ராஸ்டில் குளிர்க்காற்றை வைத்தால் மங்கல் அதிகமாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

பின் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும்

பின் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரம் இல்லை, மின்சாரத்தில் சூடாகும் கம்பிகள். நேரான செவ்வகத்தின் மேல் மூன்று நெளிந்த அம்புகள் வரைந்த பட்டன் இதற்கானது. பல வண்டிகளில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். இந்தக் கோடுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டியதைப் பிளேடு வைத்துச் சுரண்டவும் செய்யாதீர்கள். ஒரு கோடு அறுந்தால் அந்த இடம் தெளியாது. விலை குறைந்த மாடல்களில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். அவற்றில் ஏசியையும் வெளிக்காற்றையும் நம்பித்தான் போக வேண்டும்.

டேஷ்போர்டின் இரண்டு ஓரக் காற்றுத் துளைகளையும் கதவுக் கண்ணாடியை நோக்கித் திருப்பி வைத்தால், வெளியே இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பார்க்கும் இடம் தெளிவாக இருக்கும்.

ஏசி இல்லாத வண்டி, ஏசி பழுதான வண்டி

நம்மில் பலர் பழைய வண்டி வாங்கி ஓட்டுகிறோம். ஏசி ஓடாது. கேஸ் பிடிக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருப்போம். அவர்கள் முன்பக்கம் ஒரு ஜன்னலையும், அதற்கு எதிர்ப்பக்கம் பின்னால் ஒரு ஜன்னலையும் இரண்டு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். ஈரம் வெளியே போக வழி கிடைக்கும். புளோயரை வெளிக்காற்றில் வைத்து முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். எஞ்சின் சூடானதும் ஹீட்டரைப் போடுங்கள். குளிர்கிறது என்று குழந்தைகளுக்கு ஒரு போர்வை கூடுதலாகப் போர்த்துங்கள். ஜன்னலை முழுவதும் மூடாதீர்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

ஏசி போட்டால் பெட்ரோல் அதிகம் ஆகுமே? ஆகும். ஏசியின் கம்ப்ரஸர் எஞ்சின் சக்தியில் ஓடுவதால் கொஞ்சம் எரிபொருள் எடுக்கும். வெயில் காலத்தை விடப் பனிக்காலத்தில் குறைவாகவே எடுக்கும். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிப்பதற்கு ஏழு பேர் உயிரை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஹீட்டருக்கும் பெட்ரோல் செலவா? பெட்ரோல், டீசல் வண்டிகளில் இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகும் கூலண்ட் நீரின் வெப்பமே அது. எப்படியும் வீணாகப் போகும் சூடு. எலக்ட்ரிக் காரில் வீணாகும் எஞ்சின் சூடு கிடையாது. ஹீட்டர் பேட்டரியிலிருந்து எடுக்கும், போகும் தூரம் குறையும். அதையும் கணக்கில் வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள்.

உள்காற்றையே சுழல விட்டால் என்ன தவறு? ஈரம் சேர்வது ஒன்று. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்துகொண்டே போகும் என்பது இன்னொன்று. ஓட்டுநருக்குத் தலை கனக்கும், கண் சொக்கும். அதிகாலையில் மூன்று மணிக்கு எழுந்து கிளம்பியவருக்கு அதுவே ஆபத்து. வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கட்டும்.

ஏசி போட்டும் தெளியவில்லை என்றால்? ஏசியின் காற்று வடிகட்டி அழுக்கடைந்திருக்கலாம். வடிகுழாய் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி முன் சீட்டின் கால்விரிப்பு நனைந்திருக்கலாம். கையை வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் எண்ணெய் போலப் படிந்து, இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டருக்குள் கூலண்ட் கசிகிறது. அதை உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

பனிக்காலம் முழுவதும் ஏசியை நிறுத்தி வைக்கலாமா? வேண்டாம். வாரம் ஒருமுறையாவது பத்து நிமிடம் ஓட விட்டால் உள்ளே எண்ணெய் சுற்றி வந்து, ரப்பர் வளையங்கள் காயாமல் இருக்கும். கேஸ் கசிவதும் குறையும்.

பனி சாலையிலேயே இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் கண்ணாடியில் படியும் பனிக்கு. சாலையை மூடி நிற்கும் மூடுபனிக்கு எந்தப் பட்டனும் கிடையாது. கண்ணாடி பளிச்சென்று இருந்தாலும் எதிரே இருப்பது தெரியாது.

2017 நவம்பரில் டெல்லியையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச்சாலையில் புகைப்பனியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்ட காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் வண்டி நின்றது; பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. நம் பக்கமும் இது புதிதல்ல. 2018 ஜனவரியில் போகிப் பண்டிகையன்று புகையும் பனியும் கலந்து சூழ்ந்ததில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. விமானம் நிற்கும் அளவுக்குப் பனி இருக்கும்போது நாம் மட்டும் நேரத்துக்குப் போயாக வேண்டும் என்று விரட்டுவதில் பொருள் இல்லை.

மூடுபனியில் விளக்கை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் வைத்தால் ஒளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைச் சுவர் போல நிற்கும். பம்பரில் தாழ்வாக இருக்கும் பனிவிளக்கு இருந்தால் அதைப் போடுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரிய விடாதீர்கள். நாம் நிற்கிறோமா, போகிறோமா, திரும்புகிறோமா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியும் வேகத்தில் மட்டும் போங்கள். சாலையின் இடது ஓரக் கோட்டை வழித்துணையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே ஒட்டிப் போகாதீர்கள்.

நம் ஊரிலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனாலும், வாலாஜாபாத், ஒரகடம், படப்பை, வண்டலூர் வழியாகப் போனாலும் இரவும் பகலும் லாரிகள் ஓடும் சாலைகள்தான். ஆற்றோரமும் ஏரிக்கரையும் வரும் இடங்களில் பனி திடீரென்று அடர்ந்து, சற்றுத் தூரத்தில் மறுபடி கலையும். ஆகவே ஏர்போர்ட்டுக்கு வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். அவசரம் இல்லாதவருக்குத்தான் நிறுத்தி நிற்கும் தைரியம் வரும்.

போகி நாளில் மட்டும் ஒரு விதிவிலக்கு. புகை அடர்ந்த இடத்தைக் கடக்கும்போது ஏசியைப் போட்டபடி, வெளிக்காற்றைக் கொஞ்ச நேரம் அடைத்து வையுங்கள். கடந்ததும் மறுபடி திறந்துவிடுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

அரையாண்டு விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு போகிறோம். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரி அதிகாலையில் உறைபனி விழும். புல் வெள்ளையாக இருக்கும். நிறுத்தி வைத்த காரின் கண்ணாடி மேல் மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் யாராவது சுடுதண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள். ஊற்றவே கூடாது. சில்லிட்ட கண்ணாடியில் சுடுதண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். வைப்பரையும் ஓட்டாதீர்கள், கண்ணாடியோடு உறைந்திருந்தால் ரப்பர் கிழியும், மோட்டார் எரியும்.

திறந்த வெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, காற்றை டிஃப்ராஸ்டில் வைத்து, வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கட்டி இளகியதும் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் மெல்லத் தள்ளிவிடலாம். முதல் நாள் இரவே கண்ணாடி மேல் ஒரு தடித்த துணியோ அட்டையோ மூடி வைத்தால் இந்த வேலையே இல்லை. வெளியே பூஜ்ஜியத்துக்கு அருகில் குளிர் இருக்கும்போது பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் ஓடாது. பழுது என்று பயப்பட வேண்டாம். அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை ஹீட்டரில் சூடாக்கி விட்டாலே கண்ணாடி தெளிந்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்காதீர்கள்

இதைக் கடைசியாகச் சொன்னாலும் எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். ஏர்போர்ட்டில் ஆளை விட்டுவிட்டு, அல்லது அழைத்துவரப் போய்க் காத்திருக்கும்போது, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியோ ஹீட்டரோ போட்டு, சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்ந்துவிடுகிறோம். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் இல்லை, வாடை இல்லை. சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, சுவர் ஓரமாகவோ மூடிய ஷெட்டுக்குள்ளோ வண்டி நின்றாலோ அது உள்ளே நுழைந்துவிடும். இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியாது.

2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் 2 பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே ஓய்வெடுத்தவர்கள். ஜெனரேட்டரின் நச்சுப்புகை வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று பிறகு நடந்த சோதனையில் தெரிந்தது.

தூக்கம் வந்தால் எஞ்சினை அணையுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். போர்வையைப் போர்த்துங்கள். வண்டிக்குள் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் பித்தம் என்று நினைக்காமல் உடனே எல்லாரும் வெளியே இறங்கி நல்ல காற்றில் நில்லுங்கள், 108-க்கு அழையுங்கள். ஷெட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

முதல் நாள் மாலையே கண்ணாடிகளை உள்ளும் புறமும் சுத்தமான துணியால் துடைத்து வையுங்கள். பிசுக்கு இருக்கும் கண்ணாடிதான் சீக்கிரம் மங்கும். நனைந்த மிதியடிகளை வெளியே எடுத்துக் காய வையுங்கள். ஈரக் குடையை டிக்கியில் போடுங்கள். வைப்பர் ரப்பரையும், முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் எரிகிறதா என்பதையும் பாருங்கள். மறுநாள் நம்மைப் பின்தொடர்ந்து வருபவருக்கு நம் பின்விளக்குதான் அடையாளம்.

முக்கியமாக, இந்த வாரமே பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மேலே சொன்ன நான்கு பட்டன்களும் எங்கே இருக்கின்றன என்று கையால் தொட்டுப் பழகுங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கும், பக்கத்து சீட்டில் உட்காரும் மனைவிக்கும் சொல்லிக் கொடுங்கள். ஓட்டுகிறவரின் கண் சாலையை விட்டு விலகாமல் இருக்க, பக்கத்தில் இருப்பவர் பட்டனைப் போடுவதே நல்லது.

இந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் அது பழக்கமாகிவிட்டது. ஃபஜர் முடிந்து வண்டி எடுக்கும்போது அம்மாவே பின்சீட்டிலிருந்து, "ஏசியைப் போட்டியா?" என்று கேட்கிறார். கண்ணாடி முழுவதும் தெளிந்து, தெருமுனை தெரிந்த பிறகுதான் கியரைப் போடுகிறேன்.

பயணம் போகிற எல்லாரும் நலமாகப் போய்ச் சேர்ந்து, நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.